கரிக்கு விலை வைத்தது யார்?

மேஜையைச் சுற்றி நான்கு பேர். நடுவில் ஜெர்மனி வரைபடம். வரைபடத்தின் ஓரத்தில் 1 முதல் 8 வரை எண் போட்ட கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று பழுப்பு நிற மரக்கட்டைகள். அதுதான் நிலக்கரி. 1 என்ற கட்டத்தில் இருக்கும் கட்டைக்கு 1 எலெக்ட்ரோ, 8-ல் இருப்பதற்கு 8. எலெக்ட்ரோ என்பது இந்த ஆட்டத்தின் காசு. மலிவானதில் தொடங்கித்தான் எடுக்க முடியும் என்பதால், எனக்கு முன்னால் வாங்குகிறவன் எவ்வளவு அள்ளுகிறானோ அவ்வளவுக்கு எனக்கு விலை ஏறும். "டேய், உனக்கு ரெண்டு போதுமே, எதுக்குடா நாலு?" என்று யாராவது கேட்பார்கள். அவன் காதில் வாங்காமல் நாலையும் எடுத்துத் தன் அட்டையின் மேல் அடுக்கிக்கொள்வான்.

ஆட்டத்தின் பெயர் பவர் கிரிட். இரண்டு பேரிலிருந்து ஆறு பேர் வரை விளையாடலாம். ஒவ்வொருவரும் ஒரு மின்சாரக் கம்பெனி முதலாளி. ஏலத்தில் மின் நிலையம் எடுக்க வேண்டும், அதற்கு எரிபொருள் வாங்க வேண்டும், ஊர்களைக் கம்பி போட்டு இணைக்க வேண்டும், விளக்கு எரிந்த ஊர்களுக்கு ஏற்ப வரும் பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். கையில் 50 எலெக்ட்ரோவோடு தொடங்குவோம். தாயக்கட்டை உருட்டும் வேலையே கிடையாது. மின் நிலைய அட்டைகள் எந்த வரிசையில் வெளியே வருகின்றன என்பதிலும், முதல் சுற்றில் யார் எந்த இடத்தில் தொடங்குகிறார் என்பதிலும் மட்டும்தான் அதிர்ஷ்டத்துக்கு வேலை. மற்றதெல்லாம் கணக்கு, கொஞ்சம் கல்நெஞ்சு.

இதை உருவாக்கியவர் ஜெர்மனியின் ஃப்ரீடமான் ஃப்ரீஸ. தலைமுடிக்குப் பச்சைச் சாயம் பூசிக்கொள்வார், தன் ஆட்டங்களுக்கு ஜெர்மன் மொழியில் 'எஃப்' எழுத்தில் தொடங்கும் பெயர்களாகவே தேடித்தேடி வைப்பார். இந்த ஆட்டத்துக்கும் ஜெர்மன் பெயர் ஃபுங்கென்ஷ்லாக், தீப்பொறி தெறிப்பது என்று வைத்துக்கொள்ளலாம். 2001-ல் முதலில் வந்த வடிவத்தில் ஆட்டக்காரர்கள் மெழுகுப் பென்சிலால் வரைபடத்தின் மேல் கோடு கிழித்து மின்பாதை போட்டார்கள். கேட்க நன்றாக இருக்கும், விளையாட நேரம் பிடிக்கும். 2004-ல் திருத்தி எழுதியபோது பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஊருக்கும் ஊருக்கும் நடுவே இணைப்புச் செலவைப் பலகையிலேயே அச்சடித்துவிட்டார். உலகம் முழுக்கப் பரவியது இந்த இரண்டாவது வடிவம்தான். பலகையின் ஒரு பக்கம் ஜெர்மனி, மறுபக்கம் அமெரிக்கா, இரண்டிலும் 42 ஊர்கள்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆயிரம் இருக்கிறது. எனக்கு இதில் பிடித்ததும் உறுத்துவதும் இரண்டு விதிகள்தான். ஒன்று, கரியின் விலை எப்படி உருவாகிறது என்பது. இன்னொன்று, முந்திப் போகிறவனை ஆட்டம் என்ன செய்கிறது என்பது. முதலாவதில் இது நிஜப் பொருளாதாரத்துக்கு மிக அருகில் நிற்கிறது. இரண்டாவதில் வேண்டுமென்றே பொய் சொல்கிறது.

முதல் சுற்றையே எடுத்துக்கொள்வோம். தொடக்கத்தில் சந்தையில் கரி 24 கட்டை, 1 முதல் 8 வரை எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கும். எண்ணெய் 18 கட்டை, விலை 3-லிருந்து தொடங்கும். குப்பை 7-லும் 8-லும் மட்டும். யுரேனியம் இரண்டே இரண்டு, ஒன்று 14, இன்னொன்று 16. நான்கு பேரும் ஏலத்தில் 4, 5, 7, 8 என்ற எண்ணுள்ள நிலையங்களை எடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன எண் வைத்திருப்பவர்தான் முதலில் எரிபொருள் வாங்குவார்.

4-ம் எண் நிலையம் இரண்டு கரியை எரித்து ஓர் ஊருக்கு விளக்குப் போடும். ஆனால் ஒரு நிலையம் தனக்குத் தேவையானதைப்போல் இரண்டு மடங்கு வரை சேமித்து வைத்துக்கொள்ளலாம். அதனால் அவர் நாலு கரி எடுக்கிறார்: 1, 1, 1, 2. மொத்தம் 5 எலெக்ட்ரோ. அடுத்தவர் கையில் 5-ம் எண். அது கரியோ எண்ணெயோ எது கிடைத்தாலும் எரிக்கும் கலப்பு நிலையம். கரி இப்போது 2, எண்ணெய் 3. யோசிக்கவே வேண்டாம், இரண்டு கரி, 4 எலெக்ட்ரோ. மூன்றாமவரின் 7-ம் எண் நிலையத்துக்கு எண்ணெய் மட்டும்தான் ஆகும். மூன்று கட்டை, 9 எலெக்ட்ரோ. கடைசியாக 8-ம் எண்காரர் வருகிறார். அவருக்கு மூன்று கரி வேண்டும். 1-ம் காலி, 2-ம் காலி. கரியும் இப்போது 3 எலெக்ட்ரோவில்தான் நிற்கிறது. அவரும் 9 கொடுக்கிறார்.

கரி மலிவு, எண்ணெய் விலை கூட என்று சொல்லித்தான் ஏலத்தில் கரி நிலையத்தை எடுத்தார். வாங்கும் முறை வருவதற்குள் இரண்டும் ஒரே விலைக்கு வந்துவிட்டன. யாரும் கூடிப் பேசி விலையை ஏற்றவில்லை. விலைப்பட்டியல் ஒட்டும் கடைக்காரரும் இல்லை. மற்றவர்கள் எடுத்துப்போன ஓட்டைகள்தான் விலை.

சுற்று முடிந்ததும் சந்தையை நிரப்புவார்கள். நான்கு பேர் ஆடும்போது, ஆட்டத்தின் முதல் பகுதியில், சுற்றுக்கு 5 கரி. நிரப்புவது விலை கூடிய காலிக் கட்டத்திலிருந்து கீழ்நோக்கி. மேலே சொன்ன கணக்கில் 9 கரி போயிருக்கிறது. மூன்று 3-ல் உட்காரும், இரண்டு 2-ல் உட்காரும். 1 காலியாகவே கிடக்கும். அடுத்த சுற்றில் முதலில் வாங்குகிறவருக்கே கரி 2 எலெக்ட்ரோ. இப்படி இரண்டு சுற்று மூன்று பேர் கரியையே நம்பினால் போதும், விலை 5, 6 என்று ஏறிவிடும். ஆளே சீண்டாத குப்பை சுற்றுக்கு இரண்டு இரண்டாகச் சேர்ந்து சேர்ந்து மலிந்துவிடும். அப்போது ஒருவர் குப்பை நிலையத்தை ஏலத்தில் எடுத்து மூன்று சுற்றுக்குச் சொகுசாக ஓட்டுவார். அதைப் பார்த்து இன்னொருவர் வருவார். அதோடு குப்பையின் மலிவும் போச்சு.

நிரப்புவதில் இன்னொரு நுணுக்கம் உண்டு, புதிதாக ஆடுபவர்கள் கவனிக்க மாட்டார்கள். ஆட்டத்தில் மொத்தமே 24 கரிக்கட்டைகள்தான், அத்தனையும் முதலிலேயே சந்தையில் இருக்கின்றன. எரிந்த கட்டைதான் திரும்பி வரும். ஒருவர் எரிக்காமல் அட்டையில் அடுக்கி வைத்திருக்கும் கரி சந்தைக்குத் திரும்பாது. 5 நிரப்ப வேண்டும் என்று விதி சொல்லும், நிரப்பக் கையில் 3 தான் இருக்கும். பதுக்கல் என்ற சொல்லுக்கு இதைவிட எளிய விளக்கத்தை நான் எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. பதுக்கியவன் தனக்குச் சேமித்தான் என்பது பாதிதான். அடுத்தவன் அடுப்பை அணைத்தான் என்பது மீதி.

எரிபொருளுக்கு இப்படிச் சந்தை இருக்கிறது. ஆனால் மின்சாரத்துக்குச் சந்தை இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். எத்தனை ஊருக்கு விளக்குப் போட்டால் எவ்வளவு என்று அட்டையில் அச்சடித்தே கொடுத்துவிடுகிறார்கள். ஓர் ஊருக்கு 22, இரண்டுக்கு 33, ஏழுக்கு 82, பத்துக்கு 105, இருபதுக்கு 150. ஓர் ஊருக்கும் விளக்குப் போடாவிட்டால்கூட 10 கிடைக்கும், பிச்சைக் காசு மாதிரி. கரி விலை எங்கே போனாலும் இந்தத் தொகை மாறாது. வாங்குவது சந்தை விலையில், விற்பது அரசு கட்டணத்தில் என்ற இந்த நிலைமை நம்மூர் மின்வாரியக் கணக்கைச் செய்தித்தாளில் படித்தவர்களுக்குப் பழக்கப்பட்டதுதான்.

அந்தக் கட்டண அட்டையை இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முதல் ஊர் கூடுதலாகத் தருவது 12. ஏழாவது ஊர் தருவது 9. பதினைந்தாவது 5. இருபதாவது வெறும் 2. ஆனால் ஊரை இணைத்ததற்கு அடையாளமாக அங்கே வீடு வைக்கும் செலவு எதிர்ப்பக்கம் போகிறது. ஓர் ஊரில் முதலில் வருகிறவருக்கு 10, இரண்டாவதாக வருகிறவருக்கு 15, மூன்றாவதாக வருகிறவருக்கு 20, இது போக இணைப்புச் செலவு தனி. ஆரம்பத்தில் ஓர் ஊரை இணைத்தால் இரண்டு சுற்றில் போட்ட காசு வந்துவிடும். பதினைந்தாவது ஊருக்குப் போட்ட காசு ஆட்டம் முடிவதற்குள் திரும்பவே திரும்பாது. அப்படியிருந்தும் எல்லோரும் பதினைந்தாவது ஊருக்குப் போகிறார்கள், ஏனென்றால் வெற்றி பணத்தால் தீர்மானிக்கப்படுவதில்லை. கடைசிச் சுற்றில் யார் அதிக ஊருக்கு விளக்குப் போடுகிறார் என்பதுதான் கேள்வி. பணம் சமநிலை வந்தால் மட்டும் எண்ணப்படும். ஆக, ஆட்டத்தின் நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் 'இனிமேல் லாபம் பார்க்காதே, ஊரைப் பிடி' என்று புத்தி மாற வேண்டும். அந்த இடத்தைச் சரியாகக் கண்டுபிடிக்கிறவர்தான் பெரும்பாலும் ஜெயிக்கிறார். நான் பெரும்பாலும் ஒரு சுற்று தாமதமாகக் கண்டுபிடிப்பேன்.

சரி, இரண்டாவது விதிக்கு வருவோம்.

ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆட்டக்காரர்களை வரிசைப்படுத்துவார்கள். அதிக ஊர் வைத்திருப்பவர் முதலிடம். ஊர் எண்ணிக்கை சமமாக இருந்தால் பெரிய எண் நிலையம் வைத்திருப்பவர் முந்துவார். அதற்கப்புறம் நடப்பதெல்லாம் முதலிடத்துக்கு எதிராகவே நடக்கும். ஏலத்தில் முதலிடத்தார்தான் முதல் அட்டையை முன்வைக்க வேண்டும். வெளியே தெரியும் எட்டு அட்டைகளில் நான்கு மட்டும் விற்பனைக்கு. மற்ற நான்கு அடுத்து வரப்போகிறவை. ஒன்று விற்றதும் கட்டிலிருந்து புதிதாக ஒன்று வந்து எண் வரிசையில் செருகப்படும், பின்னால் நின்ற நல்ல அட்டை ஒன்று விற்பனை வரிசைக்கு நகரலாம். முதலில் வாங்குகிறவர் கதவைத் திறந்துவிடுகிறார், பின்னால் வருகிறவர் நுழைகிறார். சுற்றுக்கு ஒருவர் ஒரு நிலையம்தான் வாங்கலாம் என்பதால், கடைசியில் மிஞ்சுகிறவர் போட்டியே இல்லாமல் அட்டையில் போட்ட விலைக்கே எடுத்துக்கொள்வார்.

எரிபொருள் வாங்குவதும் ஊரை இணைப்பதும் தலைகீழ் வரிசையில். கடைசியில் இருப்பவர் முதலில் வாங்குவார், மலிவாக. முதலிடத்தார் எல்லோரும் அள்ளிய மிச்சத்தை வாங்குவார். ஊர்களிலும் அதே கதை. ஆட்டத்தின் முதல் கட்டத்தில் ஓர் ஊரில் ஒருவருக்குத்தான் இடம். எசனுக்கும் டூயிஸ்பர்க்குக்கும் நடுவே இணைப்புச் செலவு 0 என்பதால் அந்தத் தொழில் நகரங்களுக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். அமெரிக்கப் பக்கத்தில் நியூயார்க்குக்கும் ஃபிலடெல்ஃபியாவுக்கும் நடுவிலும் இதே 0. முதலிடத்தார் கைக்கு முறை வரும்போது அந்த மலிவான வழிகளை வேறு யாராவது அடைத்திருப்பார்கள்.

இதனால் தேர்ந்த ஆட்டக்காரர்கள் ஒரு விசித்திரமான வேலை செய்வார்கள். காசு இருக்கும், ஊர் இருக்கும், இணைக்க மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரை முன்னே விட்டுவிட்டு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ தேங்கி நிற்பார்கள். நான்கு பேர் ஆட்டத்தில் யாராவது ஏழு ஊரை எட்டியதும் இரண்டாம் கட்டம் தொடங்கி, எல்லா ஊரிலும் இரண்டாவது ஆளுக்கு இடம் திறக்கும். அந்த ஏழாவது ஊரை வைக்கிற ஆள் நானாக இருக்கக் கூடாது என்று நான்கு பேரும் ஆறு ஊரோடு உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு நான்கு முதலாளிகள் தொழிலை விரிவாக்க மாட்டேன் என்று அடம் பிடிக்கிற காட்சி அது.

ஆட்டம் என்ற அளவில் இது அருமையான விதி. இரண்டு மணி நேரம் நான்கு பேரையும் கடைசி வரை மேஜையில் உட்கார வைக்கிறது. பொருளாதாரம் என்று பார்த்தால்தான் எனக்கு இடிக்கிறது. நிஜத்தில் பெரிய கம்பெனி கரியைக் கடைசியில் வாங்குவதில்லை. கப்பல் கப்பலாக, நீண்டகால ஒப்பந்தத்தில், எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும்விட மலிவாக வாங்கும். முதலிடம்தான் அடுத்த முதலிடத்தைக் கொண்டுவரும்.

அதை ஒளிக்காமல் காட்டிய ஆட்டம் வேறு ஒன்று. அமெரிக்காவில் எலிசபெத் மேகி என்ற பெண் 1904-ல் காப்புரிமை பெற்ற 'நிலச்சுவான்தார் ஆட்டம்'. நில வாடகை எப்படிச் சிலர் கையில் செல்வத்தைக் குவிக்கிறது, மற்றவர்களை எப்படி ஓட்டாண்டி ஆக்குகிறது என்று காட்டுவதற்காகவே அவர் அதைச் செய்தார். நிலத்துக்கு மட்டும் வரி போட்டால் போதும் என்ற பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் ஒற்றை நிலவரிக் கொள்கையில் பற்றுக் கொண்டவர். அந்த ஆட்டம் கைமாறிக் கைமாறி 1935-ல் மோனோபொலி என்று கடைக்கு வந்தது, மேகிக்குக் கிடைத்தது 500 டாலர். நம் வீடுகளில் பிசினஸ் என்றும் டிரேட் என்றும் கோடை விடுமுறையில் விரிக்கப்பட்டது அதன் வழிவந்த ஆட்டம்தான். அதில் முந்தியவன் மேலும் முந்துவான், பின்தங்கியவன் ஒரு மணி நேரம் வாடகை கட்டியே தேய்ந்து போவான். எல்லோரும் அதைச் சலிப்பு என்று திட்டுகிறோம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் செல்வம் எப்படிச் சேர்கிறது என்ற கேள்விக்கு அந்தச் சலிப்பூட்டும் ஆட்டம் சொல்லும் பதில்தான் உண்மைக்கு அருகில். விலை எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்குப் பவர் கிரிட் அருகில். ஒன்று தெரிந்த விஷயத்தில் இன்னொன்று குருடு.

எரிபொருள்களின் கதையில் ஆட்டம் பிறந்த காலமும் கொஞ்சம் தெரிகிறது. ஜெர்மனி 1998-ல் மின்சாரத் துறையைப் போட்டிக்குத் திறந்துவிட்டது. 2000-ல் புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கான சட்டம் வந்தது. அதே ஆண்டு அணு உலைகளைப் படிப்படியாக மூட அரசும் மின் நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டு ஃப்ரீஸவின் ஆட்டம். இதில் காற்றாலைக்கு எரிபொருள் செலவு இல்லை, ஆனால் ஏல விலையோடு ஒப்பிட்டால் குறைந்த ஊர்களுக்கே விளக்குப் போடும். 13-ம் எண் காற்றாலைக்கு ஓர் ஊர்தான். கரி விலை 7, 8 என்று ஏறும்போது மட்டும் காற்றாலைக்காரர் முகத்தில் புன்னகை வரும். அட்டைகளிலேயே பெரிய எண்ணான 50 அணுக்கரு இணைவு நிலையம், எரிபொருளே இல்லாமல் ஆறு ஊர். அது இன்னும் நிஜ உலகத்துக்கு வரவில்லை. யுரேனியம் ஆரம்பத்தில் 14-க்குக் கிடந்தாலும், யாரும் தொடாமல் சேர்ந்து சேர்ந்து மலிந்துவிடும். அணு உலை வைத்திருப்பவர் ஒருவர்தான் என்றால் அவருக்கு யோகம். நிஜ ஜெர்மனியில் கடைசி மூன்று உலைகளும் 2023 ஏப்ரல் 15 அன்று நிறுத்தப்பட்டன. கரியை எரிப்பதற்கு இந்தப் பலகையில் விலையைத் தவிர வேறு செலவு எதுவும் இல்லை என்பதை இன்று விளையாடும்போது கவனிக்காமல் இருக்க முடியவில்லை. புகைக்குக் கட்டம் எதுவும் போடவில்லை.

நான் மறக்காத ஒரு கடைசிச் சுற்று உண்டு. என்னிடம் மூன்று நிலையங்கள். 36-ம் எண், மூன்று கரிக்கு ஏழு ஊர். 25-ம் எண், இரண்டு கரிக்கு ஐந்து ஊர். 37, காற்றாலை, நான்கு ஊர். மொத்தம் 16 ஊருக்கு விளக்கு, தேவை ஐந்து கரி. நான்தான் முதலிடம், அதனால் கடைசியில் வாங்க வேண்டும். எதிரே இருந்தவனுக்கு மூன்று கரி போதும். அவன் ஆறு எடுத்தான். ஆட்டம் அந்தச் சுற்றோடு முடியும் என்று அவனுக்கும் தெரியும், எரிக்கப் போவதில்லை என்றும் தெரியும். சந்தையில் எனக்கு மிஞ்சியது நான்கு. ஒரு நிலையத்தைப் பாதி எரிபொருளில் ஓட்ட முடியாது, முழுசாகப் போட வேண்டும் அல்லது மூட வேண்டும். மூன்றை 36-க்குப் போட்டேன். மிச்சம் ஒரு கரியை வைத்துக்கொண்டு 25-ஐ மூடினேன். 11 ஊர். அவன் பதினேழாவது வீட்டை வைத்து ஆட்டத்தை முடித்து, 15 ஊருக்கு விளக்குப் போட்டான். "மன்னிச்சுக்கோ மாப்ள, விலை நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்றான். எனக்கு எஞ்சிய அந்த ஒரு கரியின் விலை 8.

இந்த ஆட்டத்தில் குறையும் இருக்கிறது. கடைசி இரண்டு சுற்றுகளில் ஆளாளுக்குத் தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு கூட்டிக் கழிக்க உட்கார்ந்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கும், அப்போது தேநீர் போடப் போய்விடுவது உத்தமம். அதுவரை பேச்சும் கேலியுமாக இருந்த மேஜை திடீரென்று ஊமையாகிவிடும்.

ஜெர்மனிக்கும் அமெரிக்காவுக்கும் பிறகு பல நாடுகளுக்கு வரைபடங்கள் வந்தன, ஒவ்வொன்றிலும் அந்த நாட்டு மின்துறையின் குணத்தைச் சொல்கிற மாதிரி ஒன்றிரண்டு விதிகளை மாற்றியிருப்பார்கள். இந்தியாவுக்கும் ஒரு வரைபடம் உண்டு. அதில் எல்லோரும் அவசரப்பட்டு ஒரே சுற்றில் அதிக ஊர்களை இணைத்துவிட்டால் மின்தடை வரும், எல்லோருடைய வருமானமும் குறையும். 2012 ஜூலை 30 அன்று வட மாநிலங்களும், மறுநாள் வட, கிழக்கு, வடகிழக்கு மாநிலங்களும் இருட்டில் மூழ்கியது நினைவிருக்கலாம். தென் மாநிலங்களின் மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு முழுமையாக இணைக்கப்படவில்லை, 2013 டிசம்பர் கடைசி நாளில் ராய்ச்சூர்–சோலாப்பூர் பாதை வழியாகத்தான் இணைந்தது. அதனால் அந்த இரண்டு நாள் நாம் தப்பித்தோம். மற்ற நாட்களில் நமக்கு நம்முடைய சொந்த மின்வெட்டு இருந்தது, வேளைக்கு இரண்டு மணி நேரம், நான்கு மணி நேரம் என்று. அந்த வரைபடத்தை எங்கள் மேஜையில் முதல்முறை விரித்தபோது, மின்தடை விதியை மட்டும் யாரும் என்னை இரண்டாவது தடவை விளக்கச் சொல்லவில்லை.